மீன் ஏறின வண்டி

மெட்டில்டா குறை எழுதியே பிழைத்தவள். இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது, அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். தூத்துக்குடித் துறைமுகத்துக் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் வருடக்கணக்கில் அவளுக்கு அதுதான் வேலை. இறங்குகிற சரக்கில் எந்த மூட்டை நனைந்திருக்கிறது, எது கிழிந்திருக்கிறது, எந்தப் பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறது என்று பார்த்து ஒன்று விடாமல் எழுத வேண்டும். ஒரு கிழிசலை விட்டுவிட்டால் நாளைக்கு அந்த நஷ்டம் ஆபீஸ் தலையில் விடியும். அதனால் எதைப் பார்த்தாலும் முதலில் குறை தெரிகிற கண் அவளுக்கு வாய்த்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணின் பட்டுச்சேலையில் எந்த இடத்தில் ஜரிகை பிரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவள் புருஷன் மரியான் துறைமுகத்து இழுவைப் படகில் வேலை பார்க்கிறவன், எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுஷன். பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தன்னிடம் என்னென்ன குறை கண்டாள் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான். அவளும் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த ஆபீஸ் கொச்சிக்கு இடம் மாறியபோது அவள் அதோடு போகவில்லை. பாளையங்கோட்டை ரோட்டில் புதிதாகத் திறந்த எலக்ட்ரிக் கார் ஷோரூமில் ஸ்டாக் பார்க்க ஆள் கேட்டார்கள், சேர்ந்துவிட்டாள். ஸ்டாக் என்றால் வரிசை வரிசையாக நிற்கும் என்று நினைத்துப் போனவளுக்கு, கண்ணாடிக்குப் பின்னால் இரண்டே இரண்டு கார் நின்றதைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டாள். விற்பனையைக் கவனிக்கிற மெல்வின் கம்ப்யூட்டரைக் காட்டினான்.

கம்பெனி தன் கார்களையெல்லாம் அதற்குள்தான் நிறுத்தி வைத்திருந்தது. ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கம். ஓசூர் பக்கத்து யார்டில் தயாராக நிற்கிற புது வண்டி, லாரியில் வந்துகொண்டிருக்கிற வண்டி, வாங்கினவர்கள் கொடுத்துவிட்டு வேறு பெரியதாக எடுத்துக்கொண்டதால் கைமாறி வந்த வண்டி, ஷோரூம்களில் ஓட்டிக்காட்டி ஓட்டிக்காட்டி வயதான டெமோ வண்டி என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தன. என்ன நிறம், எவ்வளவு ஓடியிருக்கிறது, பேட்டரியில் பலம் எவ்வளவு மிச்சம், எந்த ஊரில் நிற்கிறது, என்ன விலை என்று எல்லாமே அதில் உண்டு. மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல ஜனங்கள் பேட்டரியைத்தான் முதலில் பார்ப்பார்கள். கோயம்புத்தூர்க்காரர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூத்துக்குடியில் நிற்கிற காரை எடுக்கலாம், கார் அவர் வாசலுக்கே போய் நிற்கும். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பிவிடலாம்.

விலை மட்டும் பேச முடியாது. எந்த ஊரில் கேட்டாலும் ஒரே விலை. தூத்துக்குடிக்கு இதுதான் பொறுக்கவில்லை. சொன்ன விலைக்கே வாங்கிவிட்டு வந்தான் என்றால் வீட்டில் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். உப்பளக்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இதைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுங்கள் என்று அரை நாள் வாதாடினார். மெட்டில்டா அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, இதற்குக் கண் உண்டு, காது கிடையாது அண்ணாச்சி என்று சொல்லிப் பார்த்தாள். கடைசியில் காலுக்குப் போடுகிற மிதியடியை மெல்வின் சும்மா கொடுத்த பிறகுதான் அவர் ஜெயித்த முகத்தோடு எழுந்தார்.

மெட்டில்டாவின் வேலை, தூத்துக்குடியில் நிற்கிற பழைய கார்களைப் படம் எடுத்து, அவற்றைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுதிப் பட்டியலில் ஏற்றுவது. மற்ற ஊர்க்காரர்கள் அருமையான வண்டி, ஒரே ஓனர், ஒரு குறையும் இல்லை என்று எழுதுவார்கள். ஒரு குறையும் இல்லாத வண்டியை அவன் ஏன் விற்கிறான் என்று மெட்டில்டா கேட்பாள்.

அவர்கள் ஷோரூமிலும் ஒரு டெமோ வண்டி இருந்தது. கம்பெனி அதன் நிறத்துக்கு இங்கிலீஷில் கடலை வைத்து ஏதோ ஒரு பெயர் கொடுத்திருந்தது. மெட்டில்டா பார்த்ததும், இது மயில்கழுத்து என்று சொல்லிவிட்டாள். தூத்துக்குடியில் சேலை கட்டுகிற யாரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அன்றிலிருந்து மெல்வினுக்கும் அது மயில்கழுத்துதான்.

அந்த வண்டியில்தான் மெட்டில்டா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதற்கு முன் வாழ்நாள் முழுக்க அப்பா, அண்ணன், புருஷன் என்று யாராவது ஒருத்தரின் பைக் பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, காற்றில் சேலையைப் பிடித்துக்கொண்டே போனவள். மெல்வின் இல்லாத நேரத்தில் கஸ்டமரை ஏற்றிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்று ஷோரூமிலேயே லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். ஒருநாள் கஸ்டமர் ஒருவரை ஆத்தூரில் அவர் வீட்டிலேயே இறக்கிவிட்டு, முதன்முதலாகத் தனியாகத் திரும்பி வந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. வண்டியில் சத்தமும் இல்லை. இரண்டு பக்கமும் உப்புக் குவியல், நடுவில் அவள் மட்டும். தூத்துக்குடி வந்து சேர்வதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துக்கமெல்லாம் ஒன்றும் கிடையாது, சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்த வண்டி அவளுக்கு வேண்டும். அதே மாதிரி வேறொன்று ஆகாது. அதுவேதான் வேண்டும். மரியானிடம் சொன்னாள். டெமோ வண்டியை விலை குறைத்துத்தானே போடுவார்கள், எடுத்துவிடலாம் என்று அவனும் சொன்னான். இருவரும் சேர்ந்து அதற்கென்று ஒதுக்கி வைத்துக் காத்திருந்தார்கள்.

காலம் வந்தது. டெமோ வண்டியை விற்றுவிடு, புதிது வருகிறது என்று கம்பெனியிலிருந்து உத்தரவு. கூடவே ஒரு விதியும் இருந்தது. பட்டியலில் ஏற்றிய வண்டி முதல் ஒரு வாரம் ஊர் உலகத்துக்கெல்லாம் திறந்திருக்கும். அதற்குள் வெளியாள் யாரும் எடுக்காவிட்டால்தான் ஷோரூமில் வேலை பார்க்கிறவர்கள் எடுக்கலாம். வேறு ஊர்களில் நல்ல வண்டியையெல்லாம் வேலைக்காரர்களே அமுக்கிக்கொண்டதால் போட்ட விதி. ஆக, தனக்கு வேண்டிய வண்டியைத் தானே படமெடுத்து, தானே வர்ணித்து, இந்தியா முழுவதையும் வாங்க வாங்க என்று கூப்பிட வேண்டிய வேலை மெட்டில்டாவின் தலையில் விழுந்தது.

மெல்வின் நல்ல பிள்ளை. இருட்டில் நிறுத்திப் படம் எடுங்கள் அக்கா, இரண்டே வார்த்தை எழுதுங்கள், ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று யோசனை சொன்னான். அந்த மாதிரிக் கள்ளத்தனமெல்லாம் என் கைக்கு வராது என்று அவனை வைதாள். ஆனால் ஆசை சும்மா இருக்க விடுமா? மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. பொய் எதற்கு? உண்மையைச் சொன்னால் போதும். ஒன்று விடாமல் முழு உண்மையையும் சொன்னால் எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்?

வண்டியை நல்ல வெயிலில் நிறுத்தி, கீறல் கீறலாகப் படம் எடுத்தாள். இப்படி எழுதினாள்:

"நிறம் மயில்கழுத்து. வெயிலில் நின்று கூரை வெளுத்திருக்கிறது. இடது பின்கதவில் ஐஸ் பெட்டி உரசிய கீறல். உப்புக்காற்றில் ஓடிய வண்டி, அடியில் துருப் பொட்டு உண்டு, படம் காண்க. ஹாரன் சத்தம் போதாது, மாடு விலகாது. புதிதாக ஓட்டப் பழகியவர்கள் ஓட்டியது. ஒரு தடவை மீன் ஏறியிருக்கிறது."

கடைசி வரியில்தான் சூட்சுமம். தூத்துக்குடியில் பழைய கார் வாங்கப் போகிறவர் வேறு எதைக் கேட்பதற்கும் முன்னால், மீன் ஏறின வண்டியா என்றுதான் கேட்பார். மீன் ஏற்றிய வண்டியின் வாடை சீட்டில் புகுந்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. இந்த வண்டியிலும் கஸ்டமர் ஒருவர் ஓட்டிப் பார்க்கப் போன இடத்தில் ஒரு சீலா மீனை வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டு வந்தது நிஜம். நன்றாகச் சுற்றிக் கட்டியிருந்ததால் வாடை ஒட்டவில்லை என்பதும் நிஜம். அந்த இரண்டாவது நிஜத்தை யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று மெட்டில்டா விட்டுவிட்டாள்.

கம்பெனியின் பட்டியல் தமிழில் எழுதுவதைத் தானே மற்ற பாஷைகளுக்கு மாற்றிக்கொள்ளும். மீன் ஏறியிருக்கிறது என்பதை அது எப்படிப் புரிந்துகொண்டதோ, ஒரு மீன் ஒருமுறை இந்தக் காரில் ஏறிப் பயணம் செய்துள்ளது என்று இந்தியா முழுக்கச் சொல்லிவிட்டது. மறுநாள் பெங்களூர் ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்து, அந்த மீன் எந்த ஸ்டாப்பில் இறங்கியது என்று மரியாதையாகக் கேட்டாள். பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. பார்த்தவர்களெல்லாம் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்பினார்கள். இரண்டாம் நாளே மெட்டில்டாவின் போன் ஓயவில்லை.

வம்பை விலைக்கு வாங்கிய கதையாகிவிட்டது. சிரிக்க வந்தவர்கள் முழுவதையும் படித்தார்கள். படித்தவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மீன் வரைக்கும் சொன்ன பெண்மணி சொல்லாமல் விட்ட குறை என்ன இருக்கப்போகிறது என்றார் மதுரையிலிருந்து ஒரு டாக்டர். திருப்பூரிலிருந்து பேசிய ஒரு பெண், மாடு விலகாது என்று எழுதியிருந்ததற்காகவே வாங்கலாம் போலிருக்கிறது என்றாள். மெட்டில்டா ஒவ்வொருவரிடமும் துருவைப் பற்றி உருக்கமாகப் பேசினாள். பேசப் பேச அவர்களுக்கு ஆசை கூடியது. ஆனாலும் நேரில் பார்க்காமல் எடுக்க மனசு வராமல், வருகிறேன் வருகிறேன் என்று ஒவ்வொருவராகத் தள்ளிப்போட்டார்கள். வாரம் நகர்ந்தது. கடைசி நாள் காலையில் மெட்டில்டா பனிமய மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வேலைக்கு வந்தாள்.

அன்றைக்குத்தான் அய்யாக்குட்டி வந்தார். மாப்பிள்ளையூரணியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சரக்கைப் பார்த்தே எடை சொல்கிற கண். வீட்டுக்காரிக்கு ஒரு கார் வேண்டும் என்றார். மெட்டில்டாவே ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். துறைமுக ரோட்டில் போய்த் திரும்பும் வரைக்கும் அவர் வண்டியைப் பார்க்கவில்லை, அவள் ஓட்டுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷோரூம் வாசலில் வந்து நின்றதும் கேட்டார்.

"நான் சரக்கு வித்தே நரைச்சவன்மா. இவ்வளவு குறையை எழுதி வச்சிருக்கிய, ஆனா வண்டியத் தொடும்போது பிள்ளையத் தொடுத மாதிரி தொடுதிய. உள்ளதச் சொல்லுங்க, இத வாங்கலாமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷர் இறங்கிப் போய்விடுவார். மெட்டில்டாவுக்கு அது சொல்ல வரவில்லை.

"நல்ல வண்டி அண்ணாச்சி. தாராளமா வாங்கலாம். ஆனா எனக்கு இது வேணும். இன்னைக்குள்ள யாரும் எடுக்கலைன்னா நாளைக்கு நான் எடுக்கலாம். அதுக்குத்தான் குறையா எழுதி வச்சேன். எழுதுனதுல ஒரு பொய் கெடையாது."

இதைக் கேட்டதும் இரங்கி விட்டுக்கொடுப்பார் என்று அவள் நினைத்தாள். அய்யாக்குட்டிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "விக்கிறவளே ஆசைப்படுத சரக்குன்னா, அதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்? போடுங்க, எம் பேர்ல."

அவர் மீது தப்பில்லை. வியாபாரி, அவர் கேட்டார், இவள் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்ததால், அவர் போனில் வந்த ஓடிபி எண்ணை மெட்டில்டாவே வாசித்து, மெட்டில்டாவே கம்ப்யூட்டரில் அடித்தாள். தன் கையாலேயே தன் வண்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வாழ்த்துகள் அண்ணாச்சி என்று சொல்லி, உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மரியான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அந்தப் பட்டியல்ல வேற வண்டியா இல்ல? பாப்போம்ளா" என்றான். பட்டியலில் ஆயிரம் வண்டி கிடக்கிறது, அதில் எதுவும் அது இல்லை என்றாள் அவள். அவன் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான்.

வண்டியை எடுக்க அய்யாக்குட்டி நல்ல நாள் பார்த்துக் குடும்பத்தோடு வந்தார். மாலை, தேங்காய், சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் எல்லாம் வந்தது. மெட்டில்டா வண்டியைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தாள். அய்யாக்குட்டியின் மனைவி வடிவம்மாள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நல்ல மயில்கழுத்து, இதே கலரில் தன்னிடம் ஒரு பட்டு இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். குனிந்து முதல் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போனாள்.

அதோடு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் கெட்டிக்காரத்தனம் செய்த மனுஷனுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடிகிறதா? அய்யாக்குட்டி அந்த நேரம் பார்த்து, விற்கிறவளுடைய வாயிலிருந்தே உண்மையைப் பிடுங்கியதையும், அவள் தனக்கு வேண்டும் என்று சொன்னதால்தான் வண்டியின் அருமை தெரிந்ததையும், மெல்வினிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

வடிவம்மாள் நிமிர்ந்தாள். எலுமிச்சம்பழத்தைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

"ஒரு பொம்பள ஏங்கி நின்ன பொருளையா எனக்கு வாங்கிட்டு வாரிய? ஏக்கப்பட்ட பண்டம் வயித்துலயே ஒட்டாது. இது நம்ம வீட்டுல ஒட்டுமா?"

அய்யாக்குட்டி பணம் கட்டியாகிவிட்டது என்றார். வியாபாரத்தில் இதெல்லாம் பார்க்க முடியாது என்றார். சுற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெட்டில்டாவின் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமில்லை, உண்மையாகவே புரியாத முகம்.

"மீன் ஏறுனது வரைக்கும் எழுதுனியேம்மா. இந்தக் குறைய ஏன் எழுதல?"

மெட்டில்டா வாழ்க்கையில் எத்தனையோ சரக்கு பார்த்தவள், முதல்முறையாக ஒரு குறையை விட்டிருந்தாள், அதுவும் எல்லாவற்றிலும் பெரிய குறையை. "தப்புத்தான் அக்கா" என்றாள்.

வடிவம்மாள் மெல்வினின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஓசூர் யார்டில் நிற்கிற, யார் கண்ணும் படாத புத்தம்புது வெள்ளை வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். டெமோ வண்டிக்கும் புது வண்டிக்கும் விலையில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து அய்யாக்குட்டிக்கு வேர்த்தது. கொண்டுவந்த தேங்காயை வீணாக்காமல் ஷோரூம் வாசலில் உடைத்துவிட்டுப் போனார்கள்.

மயில்கழுத்து மறுபடியும் பட்டியலுக்கு வந்தது. திரும்பி வந்த வண்டியானாலும் விதி விதிதான், இன்னொரு வாரம் ஊர் உலகத்துக்குத் திறந்திருக்க வேண்டும். மெல்வின் பெங்களூருக்குப் பேசி மன்றாடிப் பார்த்தான், நடக்கவில்லை. மெட்டில்டா பழைய விவரத்தைத் திறந்தாள். துரு, கீறல், ஹாரன், மீன் எல்லாவற்றையும் அப்படியே விட்டாள். மீனுக்குப் பக்கத்தில், வாடை ஒட்டவில்லை என்று சேர்த்தாள். அதன் கீழே கடைசியாக ஒரு வரி எழுதினாள்.

"இதை விற்கிறவள் இந்த வண்டி மேல் ரொம்ப ஆசைப்பட்டுவிட்டாள்."

கைமேல் பலன் தெரிந்தது. முந்தின வாரத்தைவிட அதிகம் பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள், ஆனால் ஒருத்தர்கூட எடுக்கவில்லை. மீனுக்கும் துருவுக்கும் அஞ்சாத மதுரை டாக்டர் போன் செய்து, சேச்சே, அது உங்களுடையதுதாம்மா என்று சொல்லி வைத்துவிட்டார். வாரத்தின் நடுவில் பெங்களூர்ப் பெண் கூப்பிட்டாள். இத்தனை பேர் பார்த்தும் ஏன் போகவில்லை, விலையைக் கொஞ்சம் குறைத்துப் போடட்டுமா என்று கேட்டாள். மெட்டில்டா பதறிப்போய், ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டாம் என்றாள். விலை குறைந்தால் ஏக்கமாவது ஒன்றாவது என்று யாராவது பாய்ந்து வந்துவிடுவார்களே. தூத்துக்குடியில் பிறந்த ஒருத்தி குறைக்கிறேன் என்பவர்களை வேண்டாம் என்று சொன்னாள் என்பதை மரியானால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

வாரம் முடிந்த மறுநாள் ஷோரூம் திறந்ததும் அவள் தன் பெயரில் பதிந்தாள். பக்கத்தின் மேலே, விவரம் எழுதியவர் மெட்டில்டா என்று இருந்தது. கீழே, வாங்கியவர் மெட்டில்டா என்று வந்தது. நடுவில் அவள் எழுதிய குறைகள் அத்தனையும் வரிசையாக நின்றன. மெல்வின் அந்தக் கடைசி வரியைக் காட்டி, இனி இதை எடுத்துவிடலாமே அக்கா என்றான்.

"கெடக்கட்டும்லே" என்றாள். "அந்த ஆசை இன்னும் தீரல." சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.